செல்லப் பிராணிகளின் தீராத அரிப்பு: சிகிச்சையும் இன்ஷூரன்ஸும் – வாசகர் கேள்வி பதில்

நாய், பூனைகளின் தோல் அலர்ஜி பற்றியும் அதற்கான இன்ஷூரன்ஸ் பற்றியும் வந்த கேள்விகளில் சில இங்கே. மருத்துவக் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரும், பாலிசி பற்றிய கேள்விகளுக்குக் காப்பீட்டுத் துறையில் இருப்பவரும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. பல மாதங்களாக முன்னங்கால் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறான். காது சிவந்து நாற்றம் வேறு. ஊசி போட்டால் இரண்டு மூன்று வாரம் அடங்குகிறது, பிறகு பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. என்ன டெஸ்ட் எடுத்தால் இது அலர்ஜிதான் என்று உறுதியாகும்?

அப்படி ஒரு டெஸ்ட் இல்லை. தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் அடோபிக் டெர்மடைடிஸ் (சுருக்கமாக அடோபி) என்கிற நாட்பட்ட தோல் ஒவ்வாமையை, அதைப் போலவே காட்டிக்கொள்ளும் மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவு செய்கிறோம். உங்கள் நாயின் அறிகுறிகள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. மூன்று வயதுக்குள் தொடங்கியிருக்கிறது, முன்னங்கால் பாதமும் காதும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊசி ஸ்டீராய்டாக இருந்தால், ஸ்டீராய்டுக்கு அரிப்பு அடங்குவதும் இன்னொரு சான்று. ஆனாலும் வரிசை மாறாமல் போவதுதான் நல்லது.

முதலில் எங்கே சொறிகிறான் என்று பாருங்கள். இடுப்பின் மேல்புறமும் வாலின் அடியும் என்றால் தெள்ளுப்பூச்சியின் வேலை. காது மடலின் ஓரமும் முழங்கையும் என்றால் சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் இந்தப் பூச்சி பல நேரம் அகப்படாது. அதனால் சந்தேகம் இருந்தாலே மருந்து கொடுத்துப் பார்த்துவிடுவது வழக்கம். பாதம், அக்குள், அடிவயிறு, முகம், காது மடலின் உட்புறம் ஆகியவை அடோபியின் இடங்கள். உணவு அலர்ஜியும் இதே இடங்களில்தான் வரும். வெறும் கண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது.

ஆகவே தெள்ளு மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் பயனில்லை. உடம்பில் தென்படும் தெள்ளுகள் சிறு பகுதிதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக மிச்சமெல்லாம் படுக்கையிலும் தரைவிரிப்பிலும் இருக்கின்றன. கூட்டுப்புழுக்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவரும்.

அடுத்தது கிருமித் தொற்று. தோலில் ஒரு செலோடேப்பை ஒட்டி எடுத்து, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். காது அழுக்கையும் அப்படியே பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான். ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவோ மலசீசியா ஈஸ்ட் என்ற பூஞ்சையோ பெருகியிருந்தால் அதற்கே தனி அரிப்பு உண்டு. இதைப் பார்க்காமல் ஊசி மேல் ஊசி போட்டதால்தான் பல நாய்களுக்கு அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அரிப்பை நிரம்பிக்கொண்டிருக்கும் ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள்; அதில் தெள்ளும், தூசிப்பூச்சியும், ஈஸ்ட்டும் ஆளுக்கொரு செம்பு ஊற்றுகின்றன. ஏதாவது ஒன்றை நிறுத்தினாலும் குடம் வழியாமல் இருக்க வாய்ப்பிருக்கிறது. அலர்ஜி அடியோடு போகாவிட்டாலும் நாய் நிம்மதியாகத் தூங்குவது இப்படித்தான்.

இவற்றைத் தாண்டியும் அரிப்பு இருந்தால் உணவுச் சோதனை. அதிலும் விடை கிடைக்காவிட்டால்தான் அடோபி என்ற முடிவு. இன்றே ஒரு நோட்டு போடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் மட்டுமே மதிப்பெண் போட வேண்டும். ஆளுக்கு ஆள் கணக்கு மாறும்.

கேள்வி: முடியையும் எச்சிலையும் அனுப்பினால் 200 பொருள்களுக்கு அலர்ஜி பார்த்துச் சொல்கிறார்களாமே?

வேண்டாம். முடி, எச்சில் சோதனைகள் ஆரோக்கியமான நாயையும் அலர்ஜி நாயையும் பிரித்துக் காட்டுவதில்லை. உணவு அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனையும் நம்பத்தக்கதல்ல. அடோபிக்கு எடுக்கும் ரத்தச் சோதனையும் தோலுக்குள் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையும் வேறு விஷயம். அவை நோயைக் கண்டுபிடிக்க அல்ல, கண்டுபிடித்த பிறகு அலர்ஜி தடுப்பூசியில் (ஒத்துக்கொள்ளாத பொருளையே சிறு அளவில் கொடுத்து உடம்பைப் பழக்கும் ஊசி) எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க.

கேள்வி: ஹைப்போஅலர்ஜெனிக் (அலர்ஜியைத் தூண்டாதது என்று விற்கும்) உணவு ஆறு வாரம் கொடுத்தோம். மாற்றமே இல்லை. எங்கள் நாய்க்கு உணவு அலர்ஜி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. குறைந்தது 8 வாரம் வேண்டும். அதற்குள் உணவு அலர்ஜியுள்ள நாய், பூனைகளில் 100க்கு 90க்கு மேல் முன்னேற்றம் காட்டும். ஆறு வாரத்தில் நிறுத்தினால் சிலவற்றைத் தவறவிடுகிறீர்கள்.

ஆனால் இந்தச் சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் நாட்கணக்கு அல்ல, இடையில் நுழைந்தவை. மாட்டுக்கறிச் சுவை சேர்த்த மெல்லும் மாத்திரைகள் (தெள்ளு மருந்தும் குடற்புழு மருந்தும் பல இப்படித்தான் வருகின்றன), சுவையூட்டிய பற்பசை, மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் சீஸ், ஜெலட்டின் கேப்ஸ்யூல், பூனையின் தட்டில் மிச்சம், குழந்தையின் கையிலிருந்து விழுந்த பிஸ்கட். இதில் ஒன்று வாரம் ஒருமுறை போனாலும் 8 வாரமும் வீண். சோதனைக் காலத்தில் தெள்ளுக்குச் சுவையற்ற மாத்திரை அல்லது கழுத்தில் விடும் மருந்தைக் கேளுங்கள்.

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று பையில் அச்சடித்திருந்தால் போதாது. கடையில் வாங்கும் 'ஒரே இறைச்சி' உணவுகளில் லேபிளில் இல்லாத புரதங்கள் கலந்திருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டதுதான். ஒரே இயந்திரத்தில் பல உணவுகள் தயாராவதால் வரும் கோளாறு. சோதனைக்கு மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரலைஸ்டு உணவு, அதாவது புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தயாரித்தது, அல்லது நாய் இதுவரை சாப்பிடாத ஒரே இறைச்சி, ஒரே மாவுச்சத்து கொண்டு வீட்டிலேயே சமைத்தது. வீட்டுச் சமையலில் சத்துக் குறைபாடு வரும். 8 வாரத்துக்கு மேல் நீட்டுவதாக இருந்தால் கால்சியமும் வைட்டமினும் சேர்த்த பட்டியலை மருத்துவரிடம் வாங்குங்கள். வளரும் குட்டிக்கு அதுவும் வேண்டாம், ஹைட்ரலைஸ்டு உணவே சரி.

அரிப்பு குறைந்தால் வேலை பாதிதான் முடிந்தது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். 14 நாளுக்குள் அரிப்பு திரும்பினால்தான் அது உணவு அலர்ஜி. திரும்பாவிட்டால் நடுவில் வந்த மழையோ வெயிலோ, அல்லது தெள்ளு மருந்தோ காரணமாக இருந்திருக்கும். நன்றாக இருக்கும் நாய்க்கு வேண்டுமென்றே அரிப்பை வரவழைப்பதா என்று பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு ஆயுள் முழுக்கத் தேவையில்லாத உணவுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. பூனைகளுக்கு மாட்டிறைச்சி, மீன், கோழி. தானியமற்ற உணவு என்ற விளம்பரத்தை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். நான்கில் ஒன்றுதான் தானியம்.

கேள்வி: ஸ்டீராய்டு வேண்டாம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். புதிதாக வந்த மாத்திரை, மாதாந்திர ஊசி இவற்றில் எது நல்லது?

எல்லா மருந்துக்கும் ஒரு இடம் உண்டு. ஸ்டீராய்டைக் குறுகிய காலத்துக்கு, குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவதாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காது வீங்கி அடைத்துக்கொண்ட நாய்க்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்றே சொல்வேன். மாதக்கணக்கில் போனால்தான் தொல்லை: ஓயாத தாகம், வீட்டுக்குள் சிறுநீர், பசி, தசை கரைதல், தோல் மெலிதல், மீண்டும் மீண்டும் தொற்று. சில வாரம் கொடுத்த பிறகு திடீரென நிறுத்தவும் கூடாது.

ஓக்லாசிடினிப் மாத்திரை சில மணி நேரத்திலேயே அரிப்பை அடக்கும். கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதல் 14 நாள் வரை தினம் இருமுறை, பிறகு ஒருமுறை. ஒரு வயதுக்குக் குறைந்த நாய்க்குக் கூடாது. கடுமையான தொற்றோ புற்றுநோயோ இருந்தாலும் தவிர்ப்பார்கள். இருமுறையிலிருந்து ஒருமுறைக்கு மாறும் வாரத்தில் அரிப்பு கொஞ்சம் ஏறும். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து அந்த வாரத்திலேயே கைவிடுகிறவர்கள் அதிகம்.

லோகிவெட்மாப் என்பது மாதம் ஒருமுறை போடும் ஊசி. அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுபோகும் இன்டர்லூகின்-31 என்ற புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். கல்லீரல், சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கும் மற்ற மருந்து சாப்பிடும் நாய்க்கும் வசதியானது. ஆனால் அரிப்பைத்தான் அடக்கும், வீங்கித் தடித்த தோலையும் காதையும் அவ்வளவாகச் சரிசெய்யாது. நாய்க்கென்றே செய்த மருந்து, பூனைக்குப் போடக் கூடாது.

நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். தொடக்கத்தில் வாந்தி, பேதி சகஜம். கேப்ஸ்யூலை ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் பல நாய்களுக்கு வாந்தி குறைகிறது. பொறுமை இருந்தால் நல்ல மருந்து.

கேள்வி: எனக்குத் தரும் அலர்ஜி மாத்திரையையே நாய்க்கும் தரலாமா?

ஆன்டிஹிஸ்டமின் எனப்படும் அந்த மாத்திரைகள் நாயின் அரிப்பில் பெரிதாகச் சாதிப்பதில்லை. அதைவிட முக்கியம், சளிக்கென்று சூடோஎஃபெட்ரின் சேர்த்து வரும் மாத்திரைகள் நாயின் உயிரையே எடுத்துவிடும். வெறும் அலர்ஜி மாத்திரைக்கும் அதற்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். சொரியாசிஸுக்கு நாம் பூசும் கால்சிபோட்ரியால் களிம்பை நாய் நக்கினாலும் அதே ஆபத்து.

கேள்வி: அலர்ஜி நாயை அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டுவிடும் என்கிறார்கள். உண்மையா?

தவறான ஷாம்புவும் சூடான நீரும்தான் வறட்சிக்குக் காரணம். வாரம் ஒரு குளியல் இவர்களுக்கு மருந்து. ஒட்டியிருக்கும் மகரந்தமும் தூசியும் போகும், கிருமிகளும் குறையும்.

தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழே இருக்கட்டும், சூடு அரிப்பைக் கிளப்பும். ரோமத்தின் அடிவரை நனையுங்கள். தொற்று இருந்தால் 2 முதல் 4 சதவீத குளோர்ஹெக்சிடின், ஈஸ்ட்டும் இருந்தால் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பு, வாரம் இருமுறை. அதிகம் பாதித்த இடத்தில் முதலில் தேய்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். உடம்பு முழுக்க நுரை வந்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள்: 10 நிமிடம். பலர் இரண்டு நிமிடத்தில் அலசிவிட்டு ஷாம்பு சரியில்லை என்கிறார்கள். கண்ணில் படாமல் பாருங்கள். அலசுவது, தேய்த்த நேரத்தைவிட அதிகமாக இருக்கட்டும். விரலிடுக்கிலும் அக்குளிலும் தங்கும் ஷாம்புவே புது அரிப்பைத் தரும். துண்டால் ஒற்றி எடுங்கள், சூடான டிரையர் வேண்டாம்.

கழுத்தில் விடும் தெள்ளு மருந்து போட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி நீரில் துவையுங்கள். மிதமான சூட்டில் தூசிப்பூச்சி சாகாமல் தப்பிவிடும்.

கேள்வி: பூனைக்கு அடிவயிற்றில் முடியே இல்லை. மன அழுத்தம் என்றார்கள். சொறிந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

நீங்கள் பார்க்காத நேரத்தில் பூனை நக்கும். வெறும் மன அழுத்தத்தால் முடி போவது உண்டு, ஆனால் அது கடைசியில் சொல்ல வேண்டிய காரணம். முடியின் நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உடைந்திருக்கும். அப்படியானால் தானாக உதிரவில்லை, நக்கியே போயிருக்கிறது. தெள்ளு, உணவு, அடோபி என்ற அதே வரிசை இங்கேயும். உணவை மாற்றும்போது 7 முதல் 10 நாள் பழையதோடு கலந்து மெதுவாக மாற்றுங்கள். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கவே வேண்டாம், இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம். நாய்க்குப் போட்ட அன்று இரண்டையும் சேர்த்துப் படுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: அலர்ஜி தடுப்பூசி ஆரம்பித்து ஆறு மாதமாகிறது. பெரிய பலன் இல்லை. நிறுத்திவிடலாமா?

12 மாதம் முடியும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாய்களில் பாதிக்கு மேல் ஓரளவாவது பலன் பெறுகின்றன. அதுவரை அரிப்பைத் தாங்க வேண்டும் என்றில்லை, மற்ற மருந்துகளைக் கூடவே கொடுக்கலாம். மருந்தின் அளவு குறைந்துகொண்டே வந்தால் அதுவும் பலன்தான். இங்கேதான் அந்த நோட்டு உதவும். ஊசி போட்ட மறுநாளே அரிப்பு ஏறினால் அளவு அதிகம் என்று அர்த்தம். அளவைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி வாங்கியிருக்கிறோம். அலர்ஜி வந்தாலும் கைகொடுக்கிற இன்ஷூரன்ஸ் எது?

நாட்பட்ட நோய்க்கு பாலிசியின் வகைதான் எல்லாம். விபத்துக்கு மட்டுமான பாலிசியில் தோல் நோய் வராது. 12 மாத வகையில் ஒரு நோய் தொடங்கி ஓராண்டுக்குப் பணம் வரும், பிறகு அந்த நோய் நிரந்தரமாக வெளியே. நோய்க்கு ஒரு மொத்த வரம்பு வைக்கும் வகையில் அந்தத் தொகை தீர்ந்தால் தீர்ந்தது. அலர்ஜிக்கு உகந்தது, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் வரம்பு மீண்டும் நிரம்பும் ஆயுள் வகை. பிரீமியம் அதிகம்தான். ஆனால் அடோபி பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் தொடங்கி ஆயுள் முழுக்க நீடிக்கிறது. மலிவான 12 மாத பாலிசியில் சேர்ந்தால், நோய் என்னவென்று தெளிவாவதற்குள்ளேயே பாதி ஆண்டு போய்விடும்.

இதிலும் நிபந்தனை உண்டு. ஒரு நாள் இடைவெளி விடாமல் புதுப்பித்தால்தான் அது ஆயுள் பாலிசி. நடுவில் கம்பெனி மாறினால் அதுவரை வந்ததெல்லாம் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும், சிலவற்றில் நாம் தர வேண்டிய பங்கும் ஏறும். இதை முதலிலேயே கேளுங்கள்.

கேட்க வேண்டிய இன்னும் சில: நோய்க்கான காத்திருப்புக் காலம் எத்தனை நாள் (14 நாள், 30 நாள் என்று மாறும்), தோல் நோய்க்குத் தனி உள்வரம்பு உண்டா, காது நோயும் தோல் நோயும் ஒன்றாகக் கணக்கிடப்படுமா, மருத்துவ உணவு, ஷாம்பு, அலர்ஜி தடுப்பூசி சேருமா. தெள்ளு மருந்து பொதுவாகச் சேராது. ஆனால் அதைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலிசி எடுத்து ஒரு வருடம் கழித்துத்தான் அலர்ஜி என்றே தெரிந்தது. ஆனாலும் 'முன்பே இருந்தது' என்று க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

பாலிசியின் வாசகத்தைப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகளுக்கு நோய் கண்டறிந்த தேதி கணக்கில்லை, முதல் அறிகுறி தெரிந்த தேதிதான் கணக்கு. க்ளெய்ம் வந்ததும் நீங்கள் போன எல்லா கிளினிக்குகளின் குறிப்புகளையும் வரவழைப்பார்கள். குட்டியாக இருக்கும்போது தடுப்பூசி போடப் போன அன்று, 'காதைச் சொறிகிறது' என்று மருத்துவர் எழுதிய ஒரு வரி அதில் இருந்திருக்கும்.

அந்த வரியை மாற்றச் சொல்லாதீர்கள், அது மோசடி. ஆனால் விளக்கம் கேட்கலாம். அன்று காதில் காதுப்பூச்சி இருந்தது, மருந்தில் முழுக்கக் குணமானது, அடுத்த இத்தனை மாதம் வந்தபோது தோலும் காதும் சுத்தம் என்று குறிப்புகள் காட்டினால், இரண்டும் வேறு நோய் என்று மருத்துவர் கடிதம் தரலாம். அதை வைத்து முதலில் கம்பெனியிலேயே எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள், பிறகு அந்தந்த நாட்டில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். மறுப்புக் கடிதத்தில் எந்த விதி, எந்தத் தேதியின் குறிப்பு என்று குறிப்பிட்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்கிய பிறகே பதில் எழுதுங்கள்.

பாலிசி எடுத்த புதிதிலேயே மருத்துவக் குறிப்புகளை அனுப்பி, எவையெல்லாம் விலக்கப்படும் என்று எழுதித் தரச் சொல்லலாம். பல கம்பெனிகள் செய்து தருகின்றன. க்ளெய்ம் நாளில் அதிர்ச்சி இருக்காது.

கேள்வி: எண்பது சதவீதம் தருவோம் என்றார்கள். வந்தது அதைவிடக் குறைவு.

கணக்கு வரிசையைப் பாருங்கள். பில் 1000, நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை 200 என்று வைத்துக்கொள்வோம். 200ஐக் கழித்துவிட்டு 80 சதவீதம் கொடுத்தால் 640 வரும். முதலில் 80 சதவீதம் போட்டுவிட்டு 200ஐக் கழித்தால் 600. இரண்டுமே பாலிசிகளில் இருக்கின்றன. அந்த முதல் தொகை ஆண்டுக்கு ஒருமுறையா, நோய்க்கு ஒருமுறையா என்பதும் முக்கியம். மாதாமாதம் மருந்து வாங்குபவர்களுக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் கழிக்கும் வகை கட்டுப்படியே ஆகாது.

கேள்வி: ஏற்கெனவே அடோபி என்று எழுதிவிட்டார்கள். இனி இன்ஷூரன்ஸ் எடுத்துப் பயனுண்டா?

அலர்ஜிக்குக் கிடைக்காது. சில கம்பெனிகள் 6 அல்லது 12 மாதம் அறிகுறியும் மருந்தும் இல்லாமலிருந்தால் விலக்கை மறுபரிசீலனை செய்யும். அடோபிக்கு அது நடப்பது அபூர்வம். ஆனால் எலும்பு முறிவு, குடலடைப்பு, புற்றுநோய் போன்றவற்றுக்கு எடுக்கலாம். விலக்கின் வாசகத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்று இருந்தால் சரி, 'அனைத்துத் தோல், காது நோய்கள்' என்று இருந்தால் நாளை தோலில் வரும் கட்டிக்கும் பணம் வராது. சுருக்கிக் கேளுங்கள், மருத்துவரின் கடிதம் இருந்தால் சில நேரம் சம்மதிப்பார்கள். அலர்ஜிச் செலவுக்கு, சென்ற ஆண்டு பில்களைக் கூட்டி 12ஆல் வகுத்து அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவிடுவதுதான் வழி.

கேள்வி: அலர்ஜி உள்ள எங்கள் நாயிடம் ஒரு முறை குட்டி எடுத்துவிட்டு, அதில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை.

வேண்டாம். அடோபியில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. வேறு குட்டி வாங்குவதானால் தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள்: பாதத்து ரோமம் எச்சில்பட்டுப் பழுப்பாகியிருக்கிறதா, காது நாறுகிறதா, தினசரி மாத்திரை ஏதும் ஓடுகிறதா. குட்டி வீட்டுக்கு வரும் அன்றே பாலிசியை ஆரம்பித்துவிடுங்கள்.